பத்து மணி வெயில்

ஜூன் 2

அண்ணா,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்காதே. நம் வீட்டில் அந்தக் கேள்வியை யார் எடுத்தாலும் சண்டையில்தான் போய் முடிகிறது.

போனைப் பட்டென்று வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஏன் வைத்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பூனை அம்மாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒற்றைச் செருப்போடு அம்மா அதைத் தெருமுனை வரைக்கும் துரத்திய இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ சிரிக்கவில்லை. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாய். பூனை செருப்பைத் தூக்கியதற்கு நான் ஏன் மாத்திரை போட வேண்டும்?

நீ லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, வருகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாய். என் குரலையும் அப்படித்தான் கேட்கிறாய். வேகமாகப் பேசினால் நோய் திரும்பிவிட்டது. மெதுவாகப் பேசினாலும் திரும்பிவிட்டது. சாதாரணமாகப் பேசினால் எதையோ மறைக்கிறேன். அதனால் இனி போன் கிடையாது. கடிதம்தான். கடிதத்தில் சத்தம் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை பட்டறைக்குத் திரும்பப் போகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்தாயிற்று. டாக்டரம்மா சரி என்றுவிட்டார். முதலாளியும், "வாம்மா, செப்டம்பர் வரைக்கும் பார்ப்போம்" என்றார். அதற்குள் பழையபடி என்னால் பெயின்ட் கலக்க முடிந்தால் என் மேசை எனக்கு. முடியாவிட்டால் அவரும் பாவம், என்ன செய்வார்?

உன் ஊரில் நீ எனக்குப் பார்த்து வைத்திருக்கும் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அடிபட்ட காரின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து, அடிபட்ட இடம் எது என்று சொந்தக்காரருக்கே தெரியாமல் செய்வது. அதை விட்டுவிட்டு எங்கேயும் வர மாட்டேன்.

அந்த ஒரு காரை மட்டும் நினைவுபடுத்தாதே. எனக்கே நினைவிருக்கிறது.

வாயாடி


ஜூன் 9

வாயாடிக்கு,

கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. நான் பேனாவைப் பிடித்திருப்பதைப் பார்த்தால் நட்டு முடுக்குவது மாதிரி இருக்கிறதாம், உன் அண்ணி சொல்கிறாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

கடிதத்தில் சத்தம் வராது என்றாய். வருகிறது. உன் 'ழ'வுக்கு எப்போதும் நீளமாக ஒரு வால் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறாய். அந்த வால் இப்போது நடுங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் வரிகள் வேறு மேல்நோக்கி ஏறுகின்றன. பூதக்கண்ணாடியை எடுக்கப் போனேன். உன் அண்ணி பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

பூனை விஷயத்தை அம்மாவிடம் விசாரித்தேன். நிஜம்தானாம். செருப்பு இன்னும் கிடைக்கவில்லையாம். அதன் பிறகு சிரித்தேன். தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் பக்கத்தையும் கேள். டாக்டரம்மா உன் நோய்க்கு இருதுருவம் என்று பெரிய பேராகச் சொன்னார். நாம் ஏற்றம், இறக்கம் என்று சொல்லிப் பழகிக்கொண்டோம். நாள் முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பேச்சா என்று அப்போது நான் அலுத்துக்கொண்டேன். நீகூடச் சிரித்தாய்.

அந்தக் காரை நினைவுபடுத்தாதே என்கிறாய். சரி, நினைவுபடுத்தவில்லை. டிரைவிங் கற்றுக்கொடுக்கும் ஒரு டீச்சர் பம்பரில் கீறல் என்று தன் சாம்பல் நிறக் காரை விட்டுவிட்டுப் போனதையும், விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கார் முழுவதும் மஞ்சளும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் ஜொலித்துக்கொண்டு நின்றதையும், அதற்கு நீ 'பத்து மணி வெயில்' என்று பெயர் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொன்னதையும் நான் இங்கே எழுதவே இல்லை. அதற்குப் பிறகு வந்த இறக்கத்தை நிஜமாகவே எழுதவில்லை.

அந்தப் பட்டறையில்தான் எல்லாம் தொடங்கியது. சத்தம், நெடி, அவசரம். இங்கே எங்கள் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் மேசை காலியாக இருக்கிறது. பக்கத்தில் ஜன்னல் உண்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. செப்டம்பர் வரைக்கும் யாரையும் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு.

உன் அண்ணி ஒரு மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அது வேறு கதை. இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

முதலில் 'ழ'வின் வழக்கை முடித்துவிடுகிறேன். நான் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒரு வகை உப்பு. கையைக் கொஞ்சம் நடுங்க வைக்கும் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொன்னார். டீ டம்ளரைத் தட்டில் வைக்கும்போது லேசாகத் தாளம் போடும், அவ்வளவுதான். வரிகள் மேலே ஏறியதற்குக் காரணம், மேசைக்கு ஒரு கால் குட்டை. வேண்டுமானால் வந்து அளந்துகொள்.

வேலைக்குப் போய்விட்டேன். பட்டறை அப்படியேதான் இருக்கிறது. முன்பக்கம் பறிகொடுத்த கார்கள் வரிசையாக நிற்கின்றன. கழற்றிய கதவுகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. எனக்குப் பசி எடுத்தது, உண்மையாகவே.

ஆனால் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஒடுக்கு எடுக்கும் சுத்தியலை உனக்குத் தெரியுமல்லவா? கையில் இருப்பதும் சுத்தியல், வாயில் இருப்பதும் சுத்தியல். முன்னெல்லாம் நான் குறுக்கே வந்தால், "ஏய் கலர், கண்ணு பின்மண்டையிலயா இருக்கு?" என்று கத்துவார். கூரைத் தகரம் அதிரும். இப்போது என்னைப் பார்த்ததும் சுத்தியலைத் துணி மேல் மெல்ல வைக்கிறார். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா?" என்கிறார். நீங்களாம்! அம்மாவாம்! ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவது மாதிரி பேசுகிறார். பெயின்ட் அடிக்கும் முகமூடியாவது பரவாயில்லை. அந்த மனுஷன் எப்போதுமே மூக்கு வாயை மூடிக்கொண்டிருப்பவர், பேசுவதே அபூர்வம். இப்போது என்னைப் பார்த்தால் அந்தச் சொற்பத்தையும் நிறுத்திக்கொள்கிறார்.

என் மேசை மேல் ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. காரின் மேல் வைத்தால் எந்தெந்தப் பெயின்ட் எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். அதை முகமூடி பார்த்துக்கொள்கிறார். எனக்கு முன்னறையில், போன் பக்கத்தில், மெத்தை வைத்த நாற்காலி. மெத்தை! இத்தனை வருஷம் முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவளுக்கு மெத்தை.

அப்புறம் தண்ணீர். உட்கார்ந்தால் தண்ணீர், எழுந்தால் தண்ணீர். எவ்வளவு தடவைதான் கழிப்பறைக்குப் போவது? ஏன் இப்படி என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கள்ளம் இல்லாமல் சொல்லிவிட்டார். "உங்க அண்ணன்தாம்மா போன் பண்ணாரு. வெயில்ல நிக்க வைக்காதீங்க, யாரும் சத்தம் போடாதீங்க, தண்ணி கொடுத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னாரு."

உன்னை என்ன செய்தால் தகும்? அவர் எனக்கு வேலை கொடுத்தார். நீ ஒரு போன் போட்டு என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாய். ஒரு வருஷம் நோயாளியாக இருந்தேன், அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் அதற்கே என்னை எடுத்தால் எப்படி? எனக்கு என் முக்காலி வேண்டும். எனக்கு வர வேண்டிய திட்டும் வேண்டும்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

விருந்தாளி


ஜூன் 28

வாயாடிக்கு,

போன் பண்ணினேன். உண்மைதான். நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். திட்டு வாங்கும் ஆசை உனக்கு மட்டும்தானா?

வேண்டுமானால் முதலாளியை மறுபடி கூப்பிட்டு, "தயவுசெய்து என் தங்கையைத் திட்டுங்கள்" என்று கேட்டுக்கொள்ளட்டுமா? உன் அண்ணியிடம் இதைச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், அதுதான் இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிறத்தைக் கலந்த அன்று நீ எனக்குத்தான் முதலில் போன் பண்ணினாய், ஞாபகமிருக்கிறதா? நான் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ சூரியனைப் பற்றிப் பேசினாய், அம்மாவின் பழைய பாவாடையைப் பற்றிப் பேசினாய், உலகத்துக் கார்களை எல்லாம் அந்த நிறத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. வீட்டுக்கு வந்து, "அவ எவ்வளவு சந்தோஷமா இருக்கா தெரியுமா" என்று உன் அண்ணியிடம் சொன்னேன்.

அதற்கு அடுத்த மாதம் அம்மா கூப்பிட்டு நான் ஓடி வந்தபோது, நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேன். "எது வேணா" என்றாய். ஒரு கல் உப்பு குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறவள் நீ. அந்த 'எது வேணா' இன்னும் என் காதில் இருக்கிறது.

இல்லாத சத்தத்தையும் கேட்கிறவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, அன்றைக்கு உன் குரலில் இருந்தது கேட்கவில்லை. அதனால்தான் இப்போது தேவைக்கு மேல் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறொன்றுமில்லை.

மேசைக் காலுக்கு ஒரு ரப்பர் துண்டு இத்துடன் அனுப்புகிறேன். லிஃப்ட் கதவில் வைப்பது, தேயாது.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

ரப்பர் பொருந்திவிட்டது. வரிகள் நேராகப் போவதைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயமாக இருக்கிறது என்று நீ இதற்கு முன் எதற்கும் சொன்னதில்லை. எனக்கும் இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்லலாம் என்றால் உன்னிடம்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

அந்தக் கார் திரும்பி வந்துவிட்டது.

டிரைவிங் டீச்சரே ஓட்டிக்கொண்டு வந்தார். யாரோ மாணவர் பள்ளிக்கூடத்து வாசல் தூணில் உரசிவிட்டாராம், இடப்பக்கக் கதவு குழிந்து போயிருந்தது. அவரைப் பார்த்ததும் நான் மெத்தை நாற்காலிக்கு அடியில் ஒளியலாமா என்று யோசித்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது பெயின்டை மாற்றித் தருகிறோம் என்று முதலாளி கெஞ்சியும் இவர் ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. மறுநாள் வகுப்பு இருந்ததால் வேறு வழியில்லாமல் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு போனாராம். வழக்கமாக மாணவர்கள் ஓட்டும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அடித்து உயிரை எடுப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் அடிக்கவில்லையாம். தூரத்தில் பார்த்ததுமே லாரிகூட ஒதுங்கிப் போனதாம். "நீங்க எனக்கு ஆம்புலன்ஸ் கொடுத்திருக்கீங்க" என்றார். இப்போது ஊரில் அந்தப் பள்ளிக்குப் பெயரே வெயில் டிரைவிங் ஸ்கூலாம். கதவுக்கு அதே நிறம்தான் வேண்டும், ஒரு துளி மாறினாலும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகமூடி கருவியை வைத்துப் பார்த்தார். அது அந்த மாதிரி நிறத்தையே கேள்விப்பட்டதில்லை. அதற்குத் தெரிந்ததில் கிட்டத்தில் ஒன்றைச் சொன்னது. கலந்து அடித்துப் பார்த்தால் சோள மாவு. அந்த நிறத்தை எப்படிக் கலந்தேன் என்று அன்றைக்கு நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். "முயற்சி பண்றியாம்மா?" என்றார்.

என் மேசையில், என் டின்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். அந்த நிறம் எனக்கு மறக்கவில்லை, அண்ணா. கண்ணை மூடினால் இருக்கிறது. கலந்தேன். அட்டையில் அடித்துக் காயவைத்தேன். இதேதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு போய்க் காரோடு வைத்தால், பட்டப்பகலில் டியூப்லைட் போட்டது மாதிரி அட்டை தனியாகக் கத்துகிறது. மறுபடி கலந்தேன். மறுபடியும் அதே நிறம்தான் வருகிறது, மறுபடியும் பொருந்தவில்லை. சுத்தியல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

என் கண்ணில் கோளாறு வந்துவிட்டது. கண்டிப்பாக இந்த மாத்திரைதான். கையை நடுங்க வைப்பது கண்ணை மட்டும் விட்டுவைக்குமா? அன்றைக்கு மாத்திரை இல்லாமல்தானே அந்த நிறம் வந்தது? இரண்டு மூன்று நாள் மட்டும் நிறுத்திவிட்டு, அந்தக் கண்ணைத் திரும்ப வாங்கி, இந்த ஒரு கதவை முடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டால் என்ன? இந்தக் கதவு வராவிட்டால் செப்டம்பரும் இல்லை, மேசையும் இல்லை. உன் ஊர் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதீங்க என்று சொல்லப் போக வேண்டியதுதான்.

இன்னும் நிறுத்தவில்லை. நினைப்பு வந்திருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிட்டேன். போன் பண்ணாதே.

வாயாடி


ஜூலை 17

வாயாடி,

தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன்.

போன் பண்ணவில்லை. எண்ணை அமுக்கிக் கடைசி எண்ணில் நிறுத்தினேன். பிறகு உன் அண்ணி போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். நீ போன் பண்ணாதே என்றாய், நான் பண்ணவில்லை. இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்.

திட்டப் போவதும் இல்லை. நினைப்பு வந்ததும் என்னிடம் சொன்னாய். போன தடவை இறக்கம் வந்தபோது நீ சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு அது போதும்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீல பேன்ட்டுக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். எனக்குத் தெரிந்தது லிஃப்ட். மோட்டார் பலமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிரேக்கைக் கழற்றுகிற மெக்கானிக் யாரும் கிடையாது. கழற்றினால் மோட்டார் பிரமாதமாகத்தான் ஓடும். கொஞ்ச நேரம்.

கண்ணுக்குக் கோளாறா, கைக்குக் கோளாறா, மாத்திரைக்குக் கோளாறா என்று நீயும் நானும் முடிவு பண்ண வேண்டாம். டாக்டரம்மாவிடம் போ. எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை அவரிடம் சொல். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்து. குறைக்கச் சொன்னால் குறை. நீயாக ஒரு வேளைகூட விடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கதவு வராவிட்டால் போகட்டும். கதவு இல்லாமலும் நீ என் தங்கைதான். ஜன்னல் மேசை உனக்காகத்தான் காத்திருக்கிறது. ஆனால் நீ அங்கே வந்து உட்காருவதை நானே விரும்பவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நீ 'பயப்படாதீங்க' என்று ஆரம்பித்து, மாட்டிக்கொண்டவர்களுக்குப் பூனைக் கதை சொல்லுவாய். ஒருவரும் லிஃப்டை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அண்ணா,

உட்கார்ந்து படி. அண்ணியையும் கூப்பிட்டு உட்கார வை.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாத்திரை அளவைக் கொஞ்சம் மாற்றி, போடும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். கை இப்போது கொஞ்சம் தேவலை. கண்ணைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். "உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அன்னைக்கு உங்களுக்குக் குப்பைத்தொட்டிகூட பளபளன்னுதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அட்டை பொருந்தாதது பொருந்தாததுதானே? அந்தக் கவலையோடுதான் பட்டறைக்குப் போனேன். சுத்தியல் கதவின் குழியை எடுக்க உட்கார்ந்திருந்தார். கதவின் நடுவில் நீளமாக ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய், பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஒட்டுவது. அதை உரித்து எடுத்தார். எடுத்தவர் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "கலர், இங்க வா" என்றார். நீங்களும் இல்லை, அம்மாவும் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பட்டை இருந்த இடத்தில் ஒரு கோடு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அண்ணா, என் நிறம். ஓடிப்போய் என் அட்டையை எடுத்து வந்து அதன் மேல் வைத்தேன். அட்டையின் ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம்.

என் கண்ணும் போகவில்லை, ஞாபகமும் போகவில்லை. வண்டிதான் வெளுத்திருக்கிறது. அன்றைக்கு இருந்த அவசரத்தில் பெயின்டைக் காக்கிற மேல்பூச்சை நான் ஒழுங்காக அடிக்கவில்லை. வருஷம் முழுக்க வண்டி வெயிலில் நின்றதில் நிறம் இறங்கியிருக்கிறது. நான் என்னடா என்றால் போன வருஷத்துக் காருக்குக் கலந்துகொண்டிருக்கிறேன், எதிரில் நிற்பது இந்த வருஷத்துக் கார். எப்படிப் பொருந்தும்? கலவையைக் குறித்து வைத்திருந்தாலும் உதவியிருக்காது. வெளுத்த வண்டிக்கு வெளுத்த நிறம் கலப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். யார் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இந்த ஒன்றில் மட்டும் வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அழகான நிறம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னேனே, அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். கண் கூசியது. வெளியே இருக்கும் வெளுத்ததுதான் நன்றாக இருக்கிறது. அன்று சாயந்திரம் டிரைவிங் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, வெளுத்துச்சு" என்றார்.

அப்புறம் என்ன, வேலைதான். கொஞ்சம் வெள்ளை, துளி பழுப்பு, ஊசி முனையில் கறுப்பு. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சொட்டு சொட்டாக விட்டேன். முகமூடி தன் கருவியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு எனக்கு இடம் விட்டார். அட்டைக்கு மேல் அட்டையாக அடித்துப் பார்த்து, கடைசியில் ஒன்று கதவோடு சேர்ந்து காணாமல் போனது. இப்போது எந்தக் கதவு அடிபட்டது என்று அந்த டீச்சரே தேடுகிறார்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. கலக்கும் மும்முரத்தில் ஒரு கிண்ணம் போதவில்லை. பக்கத்தில் எது இருந்ததோ அதில் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். அது சுத்தியலின் டீ டம்ளர். அவர் ஒடுக்கைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

"ஏய் கலர்! டம்ளருக்கும் டின்னுக்கும் வித்தியாசம் தெரியாதா? கண்ணை எங்க அடகு வெச்சுட்டு வந்தே? இதைக் குடிச்சிருந்தா என் வயித்துக்குள்ள பத்து மணி வெயில் அடிச்சிருக்கும்!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. பட்டறையே நின்றுவிட்டது. சுத்தியல் முகம் வெளுத்துப் போய், எனக்குத் தண்ணீர் எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

"அடிச்சிருக்கலாமே" என்றேன். "அப்பவாவது உங்க மூஞ்சி கொஞ்சம் வெளிச்சமா இருக்குமான்னு பார்த்திருக்கலாம்."

முகமூடி முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த மனுஷனுக்குப் பல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். சுத்தியல் நான் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்து மறுபடி திட்டினார், சாவகாசமாக, ஒரு வருஷத்துப் பாக்கியைச் சேர்த்து. நான் அழுதுவிட்டேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நல்ல அழுகை. முதலாளி சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் போனபோது என் முக்காலி என் மேசையடியில் இருந்தது. மெத்தை சுத்தியலிடம் போய்விட்டது, அவருக்கு இடுப்பு வலியாம். செப்டம்பரைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒரு வெள்ளை வண்டி வருது, நேரத்தோட வந்து சேரு" என்றார். ஜன்னல் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

கடைசியாக ஒன்று. நீ கூரியரில் அனுப்பிய உறையின் உள்பக்கத்தில் அண்ணி பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். "உன் அண்ணன் தன் பிரஷர் மாத்திரையைப் பூந்தொட்டியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறார். செடி நன்றாக இருக்கிறது." இதைத்தானே வேறு கதை என்றாய்?

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் சிரிப்பேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரிப்பேன். அந்த மாத்திரைக் கேள்வியை நீ ஒரு தடவை கேட்கலாம். ஆனால் முதலில் நான் கேட்பேன்.

கலர்


ஆகஸ்ட் 11

கலருக்கு,

உன் ஆகஸ்ட் முதல் தேதிக் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள், நான் கேட்டேன். சுத்தியல் திட்டுகிற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். ஒருவர் என் தங்கையைக் கண்டபடி திட்டியதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட அண்ணன் வேறு யாராவது இருப்பானா தெரியவில்லை. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். ஜன்னல் மேசையில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேசியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ எடுத்த எடுப்பில், "மாத்திரை போட்டியா?" என்றாய். நான், "போட்டேன்" என்றேன். நீ, "குரல் சரியில்லையே அண்ணா" என்றாய். கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. ஒரு மனுஷன் போட்டேன் என்று சொன்னால் நம்ப வேண்டாமா? குரலைப் பிடித்துக்கொண்டு எடை போடுவதா? பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் நினைத்தேன். போனை வைத்ததும் முதல் வேலையாக மாத்திரையைப் போட்டேன். அன்றிலிருந்து விடவில்லை. செடி வாடிப்போய்விட்டது என்று உன் அண்ணி பரிகாசம் பண்ணுகிறாள்.

அதற்குப் பிறகு நீ பூனை செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டதையும், அது அம்மாவின் செருப்பே இல்லை, யாருடையதோ என்பதையும், அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்ததையும் சொன்னாய். நீ சிரித்தாய், நான் சிரித்தேன், உன் அண்ணி சமையலறையிலிருந்து சிரித்தாள். போனை வைத்து வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என் முறைக்கு நான் கேட்கவே இல்லை. மறந்தே போய்விட்டேன்.

ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உன் காது என் காதைவிட மோசமாக இருக்கிறது. அதனால் இனி போன் கிடையாது. கடிதம்தான். கடிதத்தில் சத்தம் வராது.

அண்ணன்